முன் சீட்டுக்காரர்

மேக்ஸ்வெல் சொன்னதற்கெல்லாம் சரோஜம்மா தலையாட்டினாள். காதில் ஒன்றும் ஏறவில்லை. கண் முழுக்க முன் சீட்டில் உட்கார்ந்திருந்த புருஷன் சம்பங்கியின் முதுகு மேலேயே இருந்தது.

பழைய மைன் தொழிலாளர்கள் குடியிருக்கிற நந்திதுர்க் லைனில், அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற டெம்போ டிராவலர்தான் இன்றைக்கு ஏரோப்ளேன். வண்டி எதிர்வீட்டு மேக்ஸ்வெல்லுடையது. குவைத்துக்குப் பல தடவை போய் வந்தவன். லைனில் யார் முதல் தடவை ப்ளேன் ஏறினாலும் அவன் வண்டியில் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அது இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

வியாழக்கிழமை மஸ்கட்டுக்குப் பயணம். அங்கே இருக்கிற மகள் சுனிதாவுக்கு நிறைமாசம். மாமியார் இல்லை, புருஷனுக்கு ஷிப்ட் வேலை. அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்று போனில் அழுதாள்.

அம்மா மட்டும் போவதென்றால் என்றைக்கோ போயிருப்பாள். சம்பங்கியை ஒரு ராத்திரிகூடத் தனியே விட முடியாது.

அந்த மனுஷன் மல்லாந்து படுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மைனில் குடித்த தூசியெல்லாம் நெஞ்சில் இறுகிப்போய், முதுகு சாய்ந்தாலே மூச்சு அடைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். உட்கார்ந்துகொண்டே போவதென்றால் தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் இதை சுனிதாவிடம் யார் சொல்வது? வயிற்றுப்பிள்ளைக்காரி. கேட்டால் பயந்துபோய், நீங்கள் வரவே வேண்டாம் என்று டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டு, ஒண்டியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். அவள் குணம் தெரியாதா? அதனால் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

அந்த சுனிதாதான் இப்போது மேக்ஸ்வெல் பெண்டாட்டி டீனாவின் கையில் இருக்கிற போனில், வீடியோவில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சரோஜம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தானையை முறுக்கினாள், விட்டாள், மறுபடி முறுக்கினாள். எப்போதுதான் முடியும் இந்தக் கூத்து?

பெல்ட் ஆயிற்று. சாப்பாட்டுத் தட்டு ஆயிற்று. கடைசியில் சீட்டைச் சாய்க்கிற பாடத்துக்கு வந்தான் மேக்ஸ்வெல். சாய்க்கும் முன்னால் பின்னாடி திரும்பி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளணும். சாப்பாடு வந்தால் நிமிர்த்திவிடணும். முன் சீட்டுக்காரன் நம் மேல் வந்து சாய்ந்தாலும் சண்டைக்குப் போகக் கூடாது.

எங்கே மாமா, நீங்க சாயுங்க பாக்கலாம் என்றான்.

சம்பங்கி சாயவில்லை. மைனுக்குள்ளே ஆளை இறக்குகிற கேஜில், அந்தக் கம்பிக்கூண்டு லிஃப்டில், எத்தினி பேர் நெருக்கிக்கொண்டு நின்றாலும் யாரும் யார் மேலும் சாய மாட்டோம், அது மரியாதை, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று ஒரே போடாகப் போட்டார்.

எம்மாம் பெரிய பொய். நைட் ஷிப்ட் முடிந்து மேலே ஏறுகிற கேஜில், அடுத்தவன் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிக்கொண்டே வந்த கதையை அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். எப்படியோ தப்பித்தாரே என்று சரோஜம்மாவுக்கு உயிர் வந்தது.

மேக்ஸ்வெல் விடுகிற ஆளா? மாமா கூச்சப்படுகிறார் என்று சொல்லிக்கொண்டே குனிந்து, சீட்டோரத்து லீவரை இழுத்து, அவர் தோளில் கை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினான். சீட்டு பின்னால் போயிற்று.

சம்பங்கியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கை எதையோ பிடிக்கத் தேடியது. மேக்ஸ்வெல் அதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சரோஜம்மா பார்த்துவிட்டாள். சொன்னால் மகள் கேட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் இங்கேயே போய்விடுவார். இரண்டு கையையும் கொடுத்து, முட்டியையும் கொடுத்து, அந்த சீட்டை முன்னால் தள்ளினாள்.

"யோவ், இன்னா மனுஷன்யா நீ? கேக்காம கொள்ளாம என் முட்டி மேல சாயற. நிமிர்ந்து உக்காரு."

சீட்டு நிமிர்ந்தது. சம்பங்கி முன்னால் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழுத்தார்.

வண்டியே சிரித்தது. அத்தை ப்ளேனில் ஏறின உடனே போலீஸ் வரப்போகிறது என்றாள் டீனா. கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் யோவ் என்றுவிட்டோமே என்று சரோஜம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் முட்டியது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, முட்டி வலிக்கிறது என்று தேய்த்துக் காட்டினாள்.

போனில் மட்டும் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள் சுனிதா. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். சரோஜம்மா வைத்துக்கொண்டாள்.

"ப்ளேன்ல அப்பாவுக்குக் கடைசி வரிசையில சீட்டு போட்டிருக்கேம்மா. அந்த சீட்டு சாயவே சாயாது, நல்லா கேட்டுட்டுதான் போட்டேன். எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாத."