மேல் கீலின் தீர்ப்பு

அந்தக் காரின் பின்கதவு நாலு மாதமாக ஒரே தடவையில் சாத்திக்கொண்டதில்லை. கதவிலிருந்த பூட்டும், அது கவ்விக்கொள்வதற்காகக் காரின் உடம்பில் வைத்திருந்த இரும்பு வளையமும் ஒவ்வொரு முறையும் இடித்துக்கொண்டன.

"ஏன் இவ்வளவு கீழே வந்து முட்டுறே?" என்றது வளையம்.

"நீதான் உயரத்துல ஏறி உட்கார்ந்திருக்கே" என்றது பூட்டு.

பஞ்சாயத்து பண்ணுவது மேல் கீல். கதவையே தாங்குவதால் இரண்டுக்கும் அதனிடம் மரியாதை. "ரெண்டு பேரும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கப்பா" என்று தினமும் தீர்ப்புச் சொல்லும்.

ஒருநாள் கார்க்கார ஹபீபா டீச்சர் மெக்கானிக் சூசையிடம் வந்தார். "பூட்டு, வளையம் ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடுங்க" என்றார். பூட்டும் வளையமும் பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டன.

சூசை கதவின் அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். மேல் கீல் லொடலொடவென்று ஆடியது. அவர் கதவை ஒரு நெல்மணி அளவு உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கீலின் தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கினார். பிறகு ஒரு விரலால் கதவைத் தள்ளினார். அது மெத்தென்று சாத்திக்கொண்டது.

பூட்டும் வளையமும் கண்ணைத் திறந்தபோது ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாம் உங்க புத்திமதிதான் அண்ணே" என்றன மேல் கீலிடம்.

கீல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நான் என்னப்பா செஞ்சேன்? நீங்க ரெண்டு பேரும் திருந்தினீங்க, அதுவே போதும்."