பல்லி சொன்னால் சத்தியம்

ட்யூப்லைட் ஓரம் குடியிருந்த பல்லிக்கு நடந்தது அநியாயம். படம் வரையும் கணினி ஆறு கால் பல்லி ஒன்றைத் திரையில் வரைந்துவைக்க, எறும்புகள் அதுதான் அசல் என்று முடிவுகட்டி, இதைச் சுவரைவிட்டே கிளம்பச் சொல்லிவிட்டன.

பல்லி கணினியிடம் சண்டைக்குப் போனது. “நேர்ல ஒரு பல்லியையாவது பார்த்திருக்கியா நீ?”

“லட்சம் படம் பார்த்திருக்கேன்,” என்றது கணினி.

“நாலே காலை வச்சுக்கிட்டு எவன் சுவர்ல ஏறுவான்?” என்று சிரித்தது ஓர் எறும்பு.

பல்லி குனிந்து தன் கால்களை எண்ணிப் பார்த்தது. இரண்டு குறைவதுபோலவே இருந்தது.

“பேச்சுக்கு நடுவுல பல்லி கத்தினா அந்தப் பேச்சு சத்தியம், ஒத்துக்கிறீங்கல்ல? நான்தான் நிஜம்,” என்று சொல்லிவிட்டுக் கத்த வாயைத் திறந்தது. பயத்தில் சத்தமே வரவில்லை.

“நீதான் போலி,” என்றது எறும்பு.

திரைக்குள்ளிருந்து ஆறு கால் பல்லி கத்தியது: “ச்சு, ச்சு, ச்சு.”