மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

எண்ணெய்க் கையோடு வெண்டலின் லாக் புக்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? மார்லிஸ் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாய் மட்டும், "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?" என்று கேட்டது.

"ஊத்து, ஊத்து" என்றார் ராய்ஸ். கண்ணாடித் தட்டிலிருந்தே நேராக நூடுல்ஸை முள்கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மேசையில் அதுபோல இன்னும் நான்கு தட்டுகள். கொடுத்த வீட்டுக்காரியின் பெயர் எழுதி ஒட்டியவை. துக்க வீடென்று நான்கைந்து நாட்களாக அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"இது ஐலீன் பண்ணதுதானே? மீன் வாடை தூக்குது. அவ கைக்கு உப்பும் தெரியாது, ஒண்ணும் தெரியாது." சொல்லிக்கொண்டே இன்னொரு வாய் அள்ளினார். உதட்டோரம் சீஸ் நூலாகத் தொங்கியது.

ராய்ஸுக்கு மூன்று மரக்கடைகளும் ஒரு சின்ன விமானமும் இருந்தன. விமானத்துக்கு மார்லிஸின் கணவர் வெண்டல்தான் பைலட். பத்தொன்பது வருஷமாக, போன செவ்வாய்க்கிழமை அது விழும்வரை.

"பாரு." வெண்டல் ஒவ்வொரு பறப்பையும் குறித்துவைத்த லாக் புக்கில் ராய்ஸின் விரல் வரி வரியாக இறங்கியது. "ஆறு மாசத்துல ஆறு இருக்கணும். எண்ணிப் பாத்துட்டேன், மூணுதான் இருக்கு."

மார்லிஸுக்குத் தெரியாத விதியல்ல. அவளும் சின்ன விமானம் ஓட்ட உரிமம் வைத்திருப்பவள். மேகத்துக்குள் போக வேண்டுமென்றால், கருவிகளை மட்டும் பார்த்தே ஓடுதளத்தை நெருங்கும் பயிற்சியை ஆறு மாதத்தில் ஆறு முறை செய்திருக்க வேண்டும்.

தெளிவான நாளிலும் செய்யலாம். ஓட்டுகிறவர் வெளியே எதுவும் தெரியாதபடி நெற்றியில் மறைப்பை மாட்டிக்கொள்வார். பக்கத்தில் இன்னொரு பைலட் உட்கார்ந்து, அவருக்காக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

"போன செவ்வாக்கெழமை அந்த மூட்டத்துல கிளம்பினப்ப இவன் கணக்குல மூணுதான்னு தெரிஞ்சா, பேரு நாறிப்போயிடும்."

"யார் பேரு?"

"அவன் பேருதான்." ராய்ஸ் காபியை உறிஞ்சினார். "சரி, என் பேரும்னே வெச்சுக்கோ. விதியைப் பாக்காம அவனை யாரு அனுப்பினதுன்னு கேப்பாங்கல்ல?"

யார் அனுப்பியது என்று அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை, போனிலிருந்து இதே குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. 'ஏரிக்கரைப் பனிக்கெல்லாம் பயந்தா எப்படிடா? நீ கிளம்புறியா, இல்ல நான் வேற ஆளைப் பாக்கவா?'

"பத்து மணிக்கு விசாரணைக்காரங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள மூணே மூணு வரி." ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கைத்துடைப்பை எடுத்து விரித்தார். "அக்டோபர்ல மூணு ஞாயித்துக்கெழமை. எல்லாம் வெயில் அடிச்ச நாளாப் பொறுக்கி வெச்சிருக்கேன். பக்கத்துல உக்காந்தது நீ. உன் லாக் புக்லயும் அதையே எழுதிடு. விமானம் ஓடின மணிக்கணக்கை நான் பாத்துக்கறேன்."

"எழுத்து அவர் எழுத்தா இருக்கணுமே."

"உனக்கு வராததா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டுல அவன் கையெழுத்தை யாரு போடுறான்னு எனக்குத் தெரியாதா?" ராய்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்போடு ஒரு நூடுல்ஸ் துணுக்கு லாக் புக்கின் மேல் தெறித்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். ஜூன் மாத வரிகளின் மேல் எண்ணெய் பரவியது.

மார்லிஸால் அந்த விரலை, அந்த வாயை, மெல்லும் சத்தத்தை, எதையும் பார்க்கவோ கேட்கவோ முடியவில்லை. ஆனால் அருவருப்பு ராய்ஸோடு நிற்காமல் நகர்ந்து தன்மேலும் வந்து உட்கார்ந்ததை உணர்ந்தாள்.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்மையானவை. "வாயேன், மார்லிஸ். மூணு தடவை சுத்தி வந்தா முடிஞ்சுது" என்று வெண்டல் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். முதல் முறை தலைவலி என்றாள். அடுத்த முறை துணி துவைக்க வேண்டும் என்றாள். மூன்றாவது முறை செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அவர் சற்று நேரம் வாசலில் நின்றுவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டினார்.

மூன்று வரி எழுதினால் போதும். மூன்று ஞாயிறும் அவள் போனதாக ஆகிவிடும். மறைப்பு மாட்டிய முகத்தின் அருகே உட்கார்ந்து, அவருக்காக வெளியே பார்த்துக்கொண்டிருந்ததாகவும். அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது. கை பேனாவை எடுத்துவிட்டிருந்தது.

"அப்படித்தான்" என்றார் ராய்ஸ், தட்டின் அடியைச் சுரண்டியபடி. "எனக்காக வேண்டாம், அவனுக்காகப் பண்ணு. பெண்டாட்டின்னா இதுக்குக்கூட இல்லேன்னா எப்படி?"

மார்லிஸ் பேனாவை மூடினாள். லாக் புக்கைத் தன் பக்கம் இழுத்து, எண்ணெய் பட்ட பக்கத்தைத் துடைக்காமலே மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"என்ன, மணி ஒன்பதே முக்கால் ஆச்சு!"

அவள் குரல் உயரவில்லை.

"அவர் கூப்பிட்டப்ப நான் பக்கத்துல போய் உக்காரல, ராய்ஸ். புதைச்சிட்டு வந்து இப்ப உக்கார மாட்டேன்."