வேகாத பருப்பு

"பருப்புக்கு நம்ம மேல கோவமாம்மா?" என்று நான்கு வயது மகள் கேட்டாள். ஏழு விசில் விட்டும் துவரம்பருப்பு தட்டில் முழுசாக உருண்டது. புதுவீட்டுக்குக் குடிவந்த வாரம் அது. தவமணி மீதிப் பருப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக்கடைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவே சத்தம் போட்டாள்.

"எந்த வருசத்துப் பருப்பு அண்ணாச்சி இது?"

"கல்லுக்கு மஞ்சள் பூசி விக்கிறாரோ என்னவோ," என்று பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். கடைக்காரர் ஞானமுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பருப்பு கட்டிக்கொடுத்தார்.

அதுவும் வேகவில்லை. பிறகு ஒருநாள், சமையலுக்குத் தண்ணீர் இறைக்கும் போர்வெல் மோட்டார் பழுதாகி, குடிக்கப் பிடித்துவைத்த கார்ப்பரேஷன் தண்ணீரில் அதே பருப்பைப் போட்டாள். மூன்றே விசிலில் வெண்ணெயாகக் குழைந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடியவள், நின்றவர்கள் காதில் விழும்படியே சொன்னாள்.

"பருப்பு நல்ல பருப்புதான் அண்ணாச்சி. எங்க போர்த் தண்ணிதான் உப்பு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கே தெரியும்மா. அந்த வீட்டுல முன்ன குடியிருந்தவங்களும் இப்படித்தான் பருப்போட கடைக்கு வந்தாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அத்தன பேரு முன்னால சொன்னா ஒனக்குச் சங்கடமா இருக்கும்லா?"

கார்ப்பரேஷன் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை, வீட்டுக்கு இரண்டு குடம். குடிக்க ஒன்று, பருப்புக்கு ஒன்று. அடுத்தமுறை தண்ணீர் வந்த விடியற்காலையில், கடை திறக்குமுன், வழிப்போக்கர்களுக்காக வாசலில் அவர் வைத்திருக்கும் பானையில் ஒரு குடத்தை ஊற்றி மூடிவிட்டு வந்தாள். அன்று அவள் வீட்டில் புளிக்குழம்பு.