போர்டை மட்டும் தொடாதீங்க

'தடால்' என்று கம்ப்யூட்டர் பெட்டியைக் கடை மேசையில் இறக்கிவைத்தாள் அந்த அம்மா. மூச்சு வாங்கியது.

"பையனோட கேம் கம்ப்யூட்டர், தம்பி. இதுல இருக்கிற கேமைக் கம்பெனியில புதுசா மாத்துறாங்களாம். இனிமே இந்தப் பழைய ப்ராசஸர்ல ஓடாதாம். நல்லதா ஒண்ணு போட்டுக் கொடுங்க."

கடைக்காரன் மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"புது ப்ராசஸர் இந்த மதர்போர்டுல உட்காராதும்மா. ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும்."

"ஐயோ, போர்டை மட்டும் தொடாதீங்க!"

"நல்லா இருக்கே! குழந்தை செருப்புல யானைக் காலை நுழைக்கச் சொல்றீங்க!"

அவள் சிரிக்கவில்லை. "போர்டை மாத்தினா கேம் பாஸ்வேர்டு கேட்குமாமே?"

"ஆமா, வேற கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கும். ஒரே ஒரு தடவை போட்டா போதும்."

"இப்ப தானாவே திறக்குதே, தம்பி."

"இதுக்குப் போயா கவலைப்படுறீங்க? பையனுக்கு ஒரு போன் போடுங்க, நானே கேட்டுக்கறேன்."

அவள் புடவைத் தலைப்பால் பெட்டியின் தூசியை மெல்லத் துடைத்தாள்.

"அவனை மண்ணுக்குள்ள வெச்சுட்டு வந்துட்டேனே, தம்பி... அவன் பேசிப் பதிஞ்ச குரல் இந்த கேமுக்குள்ள மட்டும்தான் மிச்சமிருக்கு."