தாய்மாமன் சீர்

பதினேழு வயதாகியும் தன் பிள்ளை ஆளாகவில்லையே என்று வில்லியனூர் மாதாவிடம் காசம்மாள் சொல்லி அழாத நாளில்லை. கேலிக்குப் பயந்து பிள்ளை வெளியே வருவதே இல்லை. “சிலருக்குத் தாமதமாகும்” என்றார் புதுச்சேரி பிரெஞ்சு டாக்டர்.

அன்று காலை அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். “அண்ணா, புள்ள ஆளாயிடுச்சு.”

“மாதா கண்ணத் தொறந்துட்டாங்க. நீ புட்டு அவி, நான் சீரோட வரேன்” என்றார் அந்தோணிசாமி.

“இதுக்குப் போயி சீரா? ஊரு சிரிக்கும்ண்ணா.”

“சிரிக்கட்டும். தாய்மாமன் எதுக்கு இருக்கேன்?”

மாலையில் பூ, பழம், வெற்றிலையோடு தட்டு வந்தது. புடவை இருக்கவேண்டிய இடத்தில் சவரக்கத்தியும் சோப்பும் இருந்தன.

“இன்னாத்துக்கு மாமா இதெல்லாம்?” என்று கட்டைக்குரலில் கூச்சப்பட்டான் ஞானப்பிரகாசம்.

காசம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். “மாமாவ இன்னொரு தடவ கூப்புடுடா, கேக்கணும்.”