போட் மெயில் தாத்தா

"இவரு எங்கப்பாவோட அப்பா. போட் மெயில்ல முதல் வகுப்புல வந்தவரு" என்றார் அழகமுத்து, வந்தவர்களைக் கதிரையில் உட்காரக்கூட விடாமல்.

சுவரில் மாட்டிய படத்தில் தாத்தா கோட்டும் கைத்தடியுமாக நின்றார். பின்னால் ரயில் பெட்டி. அழகமுத்துவின் மஹய்யாவ வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் தாத்தாவைப் பார்த்தாக வேண்டும்.

பெண் கஜனிக்கும் மாப்பிள்ளை ஜனகனுக்கும் ஒரே வங்கியில் வேலை. அவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். ஜனகனின் தாய் இராஜேஸ்வரி மாத்தளையிலிருந்து வந்தது ஒரு மரியாதைக்குத்தான்.

அழகமுத்து விடுவாரா? சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்ததுவரை கூடவே போனவர் மாதிரிச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த சனங்களை மண்டபம் முகாமில் அடைத்து, தொற்றுநோய்க்கு மருந்தடித்தார்களாம். தாத்தாவுக்கு மட்டும் கப்பலில் காப்பி கொடுத்தார்களாம்.

ஜனகன் படத்தை உற்றுப் பார்த்தான்.

"அம்மா, இது நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கிற தாத்தாவாச்சே. அப்பாவோட அப்பாவைப் பெத்தவரு."

இராஜேஸ்வரி படத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அழகமுத்துவின் மனைவி பரிமளம் வடைத் தட்டோடு அப்படியே நின்றாள். இரண்டு வீட்டுக்கும் அப்பா வழியில் ஒரே தாத்தா என்றால் பங்காளிகள். கஜனி ஜனகனுக்குத் தங்கச்சி முறை. அப்புறம் கல்யாணப் பேச்சுக்கு ஏது இடம்? கஜனி விம்மத் தொடங்கினாள்.

பரிமளம் கணவரை முறைத்தாள். அவர் தாத்தாவைப் பார்த்தார், இராஜேஸ்வரியைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். ஊரெல்லாம் அளந்துவிட்ட பெருமை ஒரு பக்கம், பெற்ற பெண் ஒரு பக்கம்.

"இவரு என் தாத்தா இல்லைங்க" என்றார் தலையைக் குனிந்தபடி. "யாருன்னே தெரியாது. எங்க தாத்தாவும் மண்டபத்துல மருந்தடிச்சு அனுப்பினவருதான். இந்தப் படம் காசு குடுத்து வாங்கினது."

இராஜேஸ்வரி நீண்ட மூச்சு விட்டு, ஒரு வடையை எடுத்துக்கொண்டாள்.

"கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கிட்ட, பழைய சாமான் கடையிலதானே? எனக்கு விக்கிறப்போ இது ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னாங்களே, சம்பந்தி."